சுவருக்கு மேலே போன புகை

போன வருடம் ஆடி மழை நேரம். பொகவந்தலாவை பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எங்கள் மேட்டு லயத்தில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதுகிறாள். பேச ஆள் கிடைத்தால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் அங்கே இங்கே போய்த்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லயத்தைப் பார்க்காதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நீளக் கட்டடம், ஒரே தகரக் கூரை. உள்ளே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டுக்கு வாயூறும். புருஷன் பெண்சாதி சண்டையைச் சொல்லவே வேண்டாம். இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே நான் தீர்த்து வைத்த சண்டைகள் எத்தனையோ.

என் காம்பராவில் நான் மட்டும்தான். கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில், மகள் குவைத்தில். மகள் போனில் முகம் காட்டுவாள். அங்கே எப்போதும் வெயில்தான் போல, முகம் பளபளவென்று இருக்கும். அரிசி இருக்கிறதா, மாத்திரை போட்டாயா என்றெல்லாம் கேட்பாள். போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். அதற்காகவே சில நாள் போனை எடுக்க மனசு வராது. மழைக்காலத்தில் பகலிலேயே மூடுபனி வந்து வாசலை அடைத்துக்கொள்ளும். தகரத்தில் மழை கொட்டினால் நான் பேசுவது எனக்கே கேட்காது. இருந்தாலும் பேசுவேன். அடுப்போடு பேசுவேன், பூனையோடு பேசுவேன். பூனை எங்கள் வீட்டுப் பூனைகூட இல்லை.

அடுத்த காம்பராவில் ஒரு சின்னப் பெண்ணும் அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தையும். அவள் புருஷன் கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்கிறான், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். அவள் கொழுந்து எடுக்கப் போவாள். மலையிலிருந்து அவள் திரும்பும் வரைக்கும் குட்டியைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வார்கள். மாலையில் அந்தக் குட்டி எங்கள் வீட்டில்தான். காலையில் நான் அடுப்பு மூட்டும்போது சுவரைப் பார்த்து, "குட்டி எந்திரிச்சாச்சா?" என்பேன். அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மாயி எந்திரிச்சாச்சா?" என்று திருப்பிக் கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு, அன்றைய பொழுது ஓடிவிடும்.

இப்போது அடுப்புக்கு வருகிறேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் குச்சி குச்சியாக விழும். அதை மிலாறு என்போம், அதுதான் எங்கள் விறகு. ஆடி மழையில் மிலாறு ஊறிப்போய் இருக்கும், பிடிக்கவே பிடிக்காது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தது ஒரு காலம். இப்போது அது விற்கிற விலைக்கு விளக்குக்குக்கூட ஊற்றத் தோன்றாது. அதனால் கடையில் தரும் பிளாஸ்டிக் சொப்பிங் பேக் ஒன்றைச் சுருட்டி மிலாறுக்கு அடியில் வைத்துக் கொளுத்திவிடுவோம். பால்மா பக்கட், யோகட் கப், அறுந்த செருப்பு எதுவானாலும் சரி. உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், ஈர விறகும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். லயத்தில் விறகு எரிக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். குப்பை லொறி எங்கள் மலைக்கு வராது. குப்பையும் ஒழிந்தது, தேத்தண்ணியும் கொதித்தது. இதில் எனக்குப் பெருமைகூட உண்டு. புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன்.

அந்த ஆடியில் குட்டிக்கு இழுப்பு வந்தது. முதலில் சாதாரண இருமல் என்றுதான் நினைத்தோம். பிறகு நெஞ்சு குழி விழ மூச்சு வாங்க ஆரம்பித்தது. தாய்க்காரி மழையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். மூக்கில் மூடி வைத்து மருந்து ஆவி பிடிக்க வைப்பார்கள். வீட்டுக்கு வரும், நாலு நாள் நன்றாக இருக்கும், திரும்பவும் இழுக்கும். நான் சும்மா இருப்பேனா? பிள்ளையை வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் விடுகிறாய், ஐஸ் வாங்கிக் கொடுக்கிறாய் என்று அவளை ஏசினேன். ஒருநாள் துணிமணியைக் கட்டிக்கொண்டு, கொஞ்ச நாளைக்கு லிந்துலையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

நான் ஏசியதால்தான் கோபம் என்று நினைத்தேன். காலையில் வாய் பழக்கத்தில் சுவரைப் பார்த்துக் கேட்டுவிடுவேன். பதிலுக்கு மழைதான் கொட்டும். ஒருநாள் கேட்டுவிட்டு, வெட்கமாகப் போய், யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

பொறுக்க முடியவில்லை. ஒரு காலையில் அடுப்பு மூட்டி, தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டு, சுடச்சுடச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஹட்டனில் இறங்கி, அடுத்த பஸ்ஸைக் கேட்டுக் கேட்டுப் பிடித்தேன். போர்டைப் படிக்கத் தெரியாதவளுக்கு வாய்தானே போர்டு. வழியில் ஒரு சிங்கள அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. இருந்தும் தலவாக்கலை வரை பேசிக்கொண்டே போனோம். இறங்கும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள்.

குட்டி என்னைக் கண்டதும் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டது. நெஞ்சில் முகத்தைப் புதைத்தது. நான் என் சுவெட்டருக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான். பிள்ளை இரும ஆரம்பித்தது. விடாமல் இருமியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாய்க்காரி வந்து, மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். வாசல் காற்றில் வைத்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஏசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லப் போனேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாயி, ஒங்களக் குத்தம் சொல்லலங்க. ஆஸ்பத்திரில நர்ஸம்மா கேட்டாங்க, வீட்டுல பிளாஸ்டிக் எரிக்கிறீங்களான்னு. இல்லன்னுதான் சொன்னேன். எங்க வீட்டுல கேஸ் அடுப்புதானே. வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டு அண்ணாந்து பாத்தேன். செவத்துக்கு மேல கருப்பா வந்துக்கிட்டு இருந்துச்சு."

"ஏம்மா, அப்பயே எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"எப்புடிங்க சொல்றது? எம்புள்ளய தூக்கி வளத்தவுக நீங்க. ஒங்க அடுப்ப மூட்டாதீங்கன்னா சொல்லச் சொல்றீங்க?"

என் வீட்டுப் புகை மட்டுமில்லை, லயம் முழுக்க அப்படித்தான் என்றாள். தீபாவளிக்குப் புருஷன் வந்ததும் காம்பராவை விட்டுவிட்டு லிந்துலையிலேயே இருந்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறார்களாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் சுவெட்டரை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் புகை நாற்றம் எனக்கு அவ்வளவு பழகிப்போய்விட்டது. ஒண்டிக்கட்டை, ஒரு பிடி சோறும் தேத்தண்ணியும் ஆக்குகிற என் அடுப்பால் யாருக்கு என்ன வந்துவிடும் என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை.

மறுநாள் சொப்பிங் பேக் இல்லாமல் அடுப்பு மூட்டினேன். மூட்டினேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஊதி ஊதி நெஞ்சு வலித்தது, கண் எரிந்தது, முன்னைவிடப் புகை. கடைசியில் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன், அதை எழுதாதே என்றேன், எழுதுகிறாள்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. விறகு ஈரமாக இருப்பதுதானே தொல்லை? அடுப்புக்கு மேலே கம்பியில் ஒரு பரண் கட்டி, நாளைக்கு எரிக்க வேண்டிய மிலாறை அதில் அடுக்கினேன். இன்றைய சூட்டில் நாளைய விறகு காய்ந்தது. மழை விட்டிருக்கும் நேரத்தில் ரோட்டோர யூகலிப்டஸ் மரங்களிலிருந்து உரிந்து தொங்கும் பட்டையைப் பொறுக்கி வந்து சாக்கில் கட்டி வைத்தேன். பேப்பர் மாதிரி இருக்கும். அதுவும் காய்ந்தபின் ஒரு துண்டைப் பற்றவைத்தேன், சடசடவென்று பிடித்தது பாருங்கள், எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டத் தோன்றியது. புகை அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். விறகு என்றால் புகை இருக்கும். ஆனால் தொண்டையைப் பிடிக்கும் அந்தக் கருப்புப் புகை போயே போய்விட்டது.

எரிக்காததால் சொப்பிங் பேக் மூலையில் குவிந்தது. வைக்க இடமில்லை. வீட்டுக்கு வந்தால்தானே குவியும் என்று பழைய கோதுமை மா சாக்கை வெட்டிப் பை தைத்தேன். சீனிக்கும் பருப்புக்கும் டப்பாவைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். பஜாரில் கடைக்கார நானா, பாட்டி குடித்தனத்தையே கொண்டு வந்துவிட்டாரே என்று கேலி செய்தார். ஆனால் டப்பாவை வாங்கி அதிலேயே அளந்து போட்டார். இப்போது நான் படியேறும்போதே கையை நீட்டுகிறார்.

ஆனால் என் ஒரு அடுப்பு மாறினால் போதுமா? கூரை ஒன்றுதானே. பட்டைக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள், குட்டி அவர்களுக்கும் செல்லம்தான். கடைசிக் காம்பராக்காரர்தான் பெரிய நியாயம் பேசினார்.

"அம்மாயி, ரோட்டுல போற பஸ்ஸு என்னா புகை விடுது. மொதல்ல அத நிப்பாட்டிட்டு எங்கிட்ட வாங்க."

"பஸ்ஸுக்கு என் கை எட்டாது தம்பி. ஒங்க அடுப்புக்கு எட்டும். கொஞ்சம் நகந்து உக்காருங்க."

சொல்லிவிட்டு அவர் அடுப்பங்கரையில் உட்கார்ந்து நானே மூட்டினேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே எழுந்து பட்டை வைத்து மூட்டிவிட்டு, "வராதீங்க தாயே, எரியுது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார். அவர் பெண்சாதி சிரித்த சிரிப்பு எங்கள் வீடு வரை கேட்டது.

அந்த நாட்களில் நான் எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடித்தேன். பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் அந்தச் சுவர் அப்படியே இருக்கும். அந்தப் பக்கம் ஒரு பாத்திரம்கூட உருளாது. தீபாவளி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணு என்று மட்டும் அவளுக்குப் போனில் சொல்லி வைத்தேன்.

தீபாவளிக்கு முதல்நாள் மாலை மூன்று பேரும் வந்தார்கள். அவள் உடனே உள்ளே போகவில்லை. வாசலில் நின்று பிள்ளையை இடுப்பில் வைத்தபடி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் உள்ளே போனாள்.

மறுநாள் விடியற்காலையில் தீபாவளி என்பதால் லயத்தில் எல்லா அடுப்பும் எரிந்தது. நானும் மூட்டினேன். மூட்டிவிட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடப் பயமாக இருந்தது. இருமல் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. பாய் உதறும் சத்தம் கேட்டது. பிறகு குட்டியின் குரல் கேட்டது.

"அம்மா, அம்மாயி ஊட்டுல இன்னைக்கு அடுப்பு மூட்டலயா?"

அந்தக் கருப்புப் புகை நாற்றம் இல்லாததால் பிள்ளைக்கு நான் அடுப்பு மூட்டியதே தெரியவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்புதான். இல்லை, அழுகையும்தான்.

அவர்கள் காம்பராவை விடவில்லை. பிள்ளைக்கு இழுப்பு முழுவதும் விட்டுப்போகவில்லை, குளிர் கூடினால் எட்டிப் பார்க்கும். ஆனால் மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஓட்டம் நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்தத் தாய்க்காரிதான். நான் அவளை ஏசிய இடத்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாளோ என்னவோ, யார் கண்டது.

என்றாவது ஒருநாள் அவர்களும் கொழும்புக்குப் போகத்தான் போகிறார்கள், அது எனக்குத் தெரியும். அடுத்த காம்பரா காலியாகும், யார் வருவார்களோ, யாருமே வர மாட்டார்களோ. ஆனாலும் தீக்குச்சியைக் கிழிக்கும்போதெல்லாம், என் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு வந்துவிடுகிறது, அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து என்னை நான் ஒண்டிக்கட்டை என்று சொல்லிக்கொள்வதில்லை.