சர்வோ டாக்டர்

ஆறு வருடம் சுற்றிவிட்டு வந்து நான் பெட்டியை இறக்கிய அறைதான் சித்தப்பாவின் பட்டறையும். கட்டிலுக்கு மேலே நாலு மீட்டர் இறக்கை ஒன்று கயிற்றில் தொங்கியது. அவசரமாக எழுந்தால் தலை இடிக்கும்.

சித்தப்பா முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அலறும் சின்ன அறைகளில் கழிந்த வேலை. ஓய்வு பெற்றபின் கிளைடர் செய்ய ஆரம்பித்தார். எஞ்சின் இல்லாத, தரையில் நின்று ரிமோட்டால் ஓட்டும் மாதிரி விமானம் அது. அதன் வாலை அசைப்பது சர்வோ என்ற தீப்பெட்டி அளவு மோட்டார். சர்வோ செத்தால் விமானம் கல் மாதிரி விழும்.

கிளைடர் கிளப்பில் யார் சர்வோ வாங்கினாலும் முதலில் இவரிடம் வரும். அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு ஆயிரம் முறை ஆட்டுவார். பென்சில் கோட்டுக்கே திரும்புகிறதா என்று பார்ப்பார். கடைசியாக, அது அசையாமல் நிற்கும்போது காதில் வைத்துக் கேட்பார். நல்ல சர்வோ ஊமையாக நிற்கும். உள்ளே தேய்மானம் இருந்தால் நிற்க இடம் தெரியாமல் முனகும், சூடேறும், பறக்கும்போது கருகும். இதனால் அவருக்கு டாக்டர் என்று பட்டப்பெயர்.

"நான் கூப்பிட்டா கேக்காது. அந்தப் பூச்சி மூச்சு விட்டா மட்டும் கேக்கும்," என்று சித்தி வாசற்படியில் நின்று கத்துவார்.

"பூச்சி தேவையில்லாம பேசாது," என்பார் இவர்.

அந்த வியாழக்கிழமை மேஜையில் நாலு சர்வோக்கள் இருந்தன. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் நண்பர் இரண்டு வருடமாகச் செய்த கிளைடருக்கு அவற்றில் ஒன்று போக வேண்டும். ஞாயிறன்று குன்றிலிருந்து முதல் பறப்பு. மூன்றாவது எடைக்கு அசரவில்லை, கோட்டுக்குச் சரியாகத் திரும்பியது. சித்தப்பா அதைக் காதில் வைத்தார். கட்டிலில் கிடந்த எனக்கே கேட்டது, பல் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது வருமே, அந்த மெல்லிய கீச்சு. அவர் திருப்தியாகத் தலையாட்டி நோட்டில் எழுதினார்: சத்தமில்லை.

அவர் கை கழுவப் போனதும் நோட்டைப் புரட்டினேன். பழைய பக்கங்களில் அந்தக் கட்டத்தில் 'கொசு', 'கதவுக் கீல்', 'கொதிக்கிற வெந்நீர்' என்றெல்லாம் இருந்தது. போன வருடத் தொடக்கத்திலிருந்து ஒரே சொல்தான், பக்கம் பக்கமாக.

"இப்பல்லாம் நல்லா செய்றானுங்கம்மா," என்றார், துண்டில் கை துடைத்தபடி. "ஒண்ணுகூட முனகுறதில்ல."

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நழுவுவது எனக்குப் பழக்கம்.

"சித்தப்பா, மூணாவது கத்துது."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "திரும்பி உக்காரு. எப்ப சுவிட்ச் போடுறேன்னு சொல்லு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். "இப்ப. நின்னுடுச்சு. இப்ப." பத்து முறையும் தப்பவில்லை. அதற்கடுத்த முறை அது நிற்கவே இல்லை. திரும்பினேன். முனகும் சர்வோவைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு காதில் வைத்தார்.

ஸ்பீக்கரில் நண்பரை அழைத்தார். "ஞாயித்துக்கிழமை வேணாம்."

"ஏன் டாக்டர், சர்வோ சரியில்லையா?"

"என் காது சரியில்ல. முன்னாடி குடுத்ததையும் கழட்டிடு."

நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தார். ஒரு எண்ணை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். ரொட்டிக்கடைக்காரருடையது. போன மழைக்கு முன்னால் அவர் விமானம் பாறையில் விழுந்து நொறுங்கியது. "என் சர்வோவுல குறையில்ல. ஓட்டத் தெரியலைன்னா பட்டம் விடு," என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் சித்தப்பா. ரொட்டிக்கடைக்காரர் அதற்கப்புறம் குன்றுப் பக்கமே வரவில்லை.

கடைசியில் அந்த எண்ணையும் அழுத்தினார். "தப்பு உன்னோடது இல்ல," என்றார். "நான் செத்த சர்வோவைக் குடுத்துட்டேன்."

தட்டுகள் மோதும் சத்தம். அப்புறம் தாழ்ந்த குரலில் ஒரு 'சரி'. லைன் அறுந்தது.

"என்ன சொன்னான்?"

"சரின்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், சித்தப்பா."

வாசற்படியில் நின்ற சித்தி கத்த வாயெடுத்தார். பிறகு உள்ளே வந்து, இறக்கைக்குக் கீழே குனிந்து, அவர் எதிரே நின்று, "சாப்பிட வாங்க," என்றார்.