சுவர் விழுந்த சந்து

கண்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அமர்ந்து, லென்சைச் சட்டத்துக்குத் தக்கபடி அரைத்துப் பொருத்துவது அவருடைய வேலை. சுழலும் அரைசக்கரத்தின் மேல் நூல்போல நீர் ஒழுகிக்கொண்டிருக்கும். லென்சின் விளிம்பை அதில் தொட்டும் தொடாமலும் பிடித்துத் திருப்ப வேண்டும். ஒரு மயிரிழை அதிகமாக அரைத்துவிட்டால் லென்ஸ் சட்டத்துக்குள் ஆடும். குறைவாக அரைத்தால் உள்ளே போகவே போகாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே பின்னறை, அதே சக்கரம். அக்கம்பக்கத்தில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் பிழைத்திருந்தது.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன் ஒரு மாலை, அவருடைய மனைவி தையற்கடையிலிருந்து துணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். மழை வலுத்தது. அவர்கள் சந்தின் ஒரு பக்கம் முழுவதும் பழைய கிடங்கு ஒன்றின் உயரமான சுவர். அதன் ஓரமாக ஒதுங்கி நின்றாள். சுவர் விழுந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் யாரிடமும் இதற்கு மேல் சொன்னதில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள். அவர் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விடுப்பு முடிந்ததும் கடைக்குப் போய்ச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். கை வழக்கம்போலவே வேலை செய்தது. தனியாக இருந்த அக்கா, முழங்கால் வலியையும் ஒரு பெட்டியையும் சுமந்துகொண்டு வந்து அவரோடு தங்கிவிட்டாள். கிடங்கை இடித்துத் தரைமட்டமாக்கி, அங்கே அடுக்குமாடி வீடு கட்டினார்கள். புதிய மனிதர்கள் குடிவந்தார்கள்.

இணைய வரைபட வேலைக்கு அவர் போனதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கும் பெண் ஒருத்தி, கண்ணாடியின் கால் உடைந்து கடைக்கு வந்தாள். நகலெடுக்கும் கடையின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிலர் கூடுவதாகவும், தங்கள் பகுதியின் தெருக்களையும் வீடுகளையும் இணைய வரைபடத்தில் சம்பளமில்லாமல் வரைந்து சேர்ப்பதாகவும் சொன்னாள். கூட்டாளிகள் அவளைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அவர் கை ஆடாமல் திருகாணி முடுக்குவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களை மாதிரி ஆள்தான் சார் எங்களுக்கு வேணும்," என்றாள். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர், போனார்.

செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, ஒவ்வொரு கூரையின் மூலையையும் சொடுக்கிச் சொடுக்கிக் கட்டடமாக வரைய வேண்டும். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று சொல்வதைவிட, அவரைத் தொந்தரவு செய்யவில்லை என்று சொல்வதே சரி. படம் பழையது. அவருடைய சந்தில் அந்தச் சுவர் இன்னமும் நின்றது. தன் நிழலைத் தரைமேல் கிடத்தியபடி, மெல்லிய சாம்பல் நிறக் கோடாக. நேரில் இல்லாததை வரையக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. அவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டு, நேரில் பார்த்தபடி அடுக்குமாடி வீட்டை வரைந்தார்.

இரண்டாவது விதி பெயர்களைப் பற்றியது. வரைகிறவர் பெயர் சூட்டக் கூடாது. குடியிருப்பவர்கள் வாயில் இருக்கும் பெயரையே எழுத வேண்டும். அதைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "இந்தச் சந்துக்கு என்ன பேரு?" என்று கேட்டால், பேரெல்லாம் இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். "முதல்தடவை வீட்டுக்கு வர்றவங்களுக்கு எப்படி வழி சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். இப்படித்தான் மூணு சலூன் தெருவும், கடன்காரர் சந்தும், நாய் துரத்தும் சந்தும் வரைபடத்தில் ஏறின.

இந்த விதியில் அவர் இம்மியும் விட்டுக்கொடுத்ததில்லை. சாக்கடை மூடிச் சந்தைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் மாடியறைக்கே படியேறி வந்து மல்லுக்கு நின்றார்.

"பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனைத் திறந்தா சாக்கடை மூடிச் சந்துன்னு வருது. நல்லாவா இருக்கு?"

"நாங்க வைக்கலைம்மா. நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொன்னா எழுதிடுறதா? உங்க வாசல்ல இப்படி எழுதினா ஒத்துக்குவீங்களா?"

"ஜனங்க அப்படிச் சொன்னா எழுதத்தான் வேணும்."

"கல்லுல செஞ்ச மனுஷன்," என்று கேப்டனிடம் முறையிட்டுவிட்டு அந்த அம்மாள் இறங்கிப் போனார்.

அந்தப் பகுதியில் எல்லாச் சந்துகளும் பெயர் பெற்றன, ஒன்றைத் தவிர. அவருடைய சந்து மட்டும் இரண்டு வெற்றுக் கோடுகளுக்கு நடுவே மொட்டையாகக் கிடந்தது. அதை யாரும் எழுத முன்வரவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. அக்காதான் விடவில்லை. அவளுடைய முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், போன் காட்டிய வழியை நம்பி ஒவ்வொரு முறையும் பின்பக்கத்து வாய்க்கால் ஓரம் போய் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் பேரு எழுதுற. இங்க நான் காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், அவ வாய்க்கால்ல நின்னு போன் பண்றா. இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா அவளுக்கும் சேர்த்து நான்தான் பயிற்சி கொடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் அது என்பது மட்டும் தெரிந்தது.

இதற்கிடையில் மாநகராட்சியின் வட்ட அலுவலகம் சந்துகளுக்குப் பெயர்ப்பலகை நட முடிவு செய்தது. பெயர்களைக் குழுவின் வரைபடத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். பெயரில்லாத சந்துக்குப் பலகையும் இல்லை. அந்த மாத முடிவுக்குள் எழுதியாக வேண்டும். எழுதினால், எழுதியது அவர் தினமும் கடந்துபோகும் சந்து முனையில் பலகையாக நிற்கும்.

அவரே கேட்கப் புறப்பட்டார். சந்து முனையில் இஸ்திரிக்காரர் சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்தடவை வர்றவங்களுக்கு எப்படி வழி சொல்லுவீங்க?"

இஸ்திரிக்காரர் சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணாடிக்காரர் சந்துன்னுதான். வேற எப்படிச் சொல்றது?"

"எப்பலேர்ந்து?"

"அது ரொம்ப நாளா."

தேய்த்து முடித்த காலரையே அவர் மறுபடி தேய்த்தார். அடுத்த வீட்டு டியூஷன் டீச்சரும் அதையே சொன்னார்.

"போன வாரம் உங்க வீட்டுக்குக் கட்டில் வந்துச்சே, வண்டிக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அன்னைக்கா சார்? அவரே எப்படியோ கண்டுபிடிச்சு வந்துட்டார். அடுப்புல பால் வச்சிருக்கேன் சார், பொங்கிடும்."

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில். எந்தச் சந்திலும் இத்தனை பேர் ஒரே பெயரை ஒரே மூச்சில் சொல்லி அவர் கேட்டதில்லை. அந்தப் பெயரை அதற்கு முன் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்டனிடம் சொன்னார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொந்தச் சந்துல நாமே கேட்டா சரியா வராது சார். உங்க முகத்தைப் பார்த்துட்டுப் பேசுவாங்க. நான் போறேன்."

மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "திருகாணி லூசா இருக்கு சார்."

அவர் சோதித்துப் பார்த்தார். திருகாணி இறுக்கமாகவே இருந்தது. இருந்தாலும் முடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"விட்டுடலாமே சார். ஒரு சந்துக்குப் பலகை இல்லேன்னா குடியா முழுகிடும்?"

"என்ன சொன்னாங்கம்மா?"

கண்ணாடி இல்லாத கண்ணை அவள் சுருக்கிக்கொண்டாள். "பழைய ஆளுங்க எங்கிட்டயும் உங்க பேரைத்தான் சொன்னாங்க. அடுக்குமாடியில புதுசா வந்தவங்கதான்..." மேசை மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். "சுவர் விழுந்த சந்துன்னாங்க. எல்லாரும் அதையேதான்."

"ம்."

"எந்தச் சுவருங்கன்னு கேட்டேன். தெரியலையாம். இஸ்திரிக்காரர் போன்ல வழி சொல்றப்போ அப்படிச் சொல்லுவாராம், இவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. முன்னே ஏதோ சுவர் இருந்திருக்கும் போலன்னு ஒரு அம்மா சொல்றாங்க."

அழுகையாவது வரும் என்று அவர் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. சரியாக மூடாத நீர்க்குழாய் சக்கரத்தின் மேல் சொட்டுவது மட்டும் காதில் விழுந்தது. எழுந்து போய் மூடினார். கண்ணாடியைத் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

"எவ்வளவு சார்?"

"திருகாணி நல்லாத்தாம்மா இருந்துச்சு."

அன்று மாலை அக்காவிடம் சொன்னார். அக்கா வெகுநேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ பேரை வையேன்டா. யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க? அந்தக் கேப்டன் பொண்ணே வாயைத் திறக்க மாட்டா. ஊருக்கு ஒரு நியாயம் பார்த்த, உனக்காக ஒரு தடவை வளைஞ்சா என்ன?"

கணினியைத் திறந்து மனைவியின் பெயரைத் தட்டிப் பார்த்தார். சந்தின் நீளத்துக்கு அது பாந்தமாகப் பொருந்தியது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உயிரோடிருந்த காலத்தில் அந்தப் பெயரைச் சந்தில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரர் வீட்டம்மா. இனிமேல் சொல்வார்கள். அந்தப் பெயரில் தண்ணீர் தேங்கி நாறுகிறது என்று புகார் போகும். அந்தப் பெயருக்குள் வண்டி நுழையாது, திருப்ப முடியாது என்று யாராவது சலித்துக்கொள்வார்கள். அந்தப் பெயரைச் சொன்னவுடன், யார் அது என்று ஒருவர் கேட்பார். தெரியவில்லை என்று இன்னொருவர் சொல்வார். சுவரைப் பற்றிச் சொன்னதைப் போலவே.

எழுத்துகளைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக அழித்தார்.

"ஏன்டா?"

"யாரும் அப்படிச் சொல்லலையேக்கா."

"யாரும் சொல்லலைன்னா என்ன? நீ சொல்லேன்."

அவர் 'சுவர் விழுந்த சந்து' என்று எழுதினார். பெயர் எப்படித் தெரிய வந்தது என்று கேட்கும் கட்டத்தில், குடியிருப்பவர்கள் சொன்னது என்பதைத் தேர்ந்தெடுத்தார். அக்கா எழுந்து உள்ளே போய், பாத்திரங்களை வேண்டிய சத்தத்துக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். அந்த வாரம் முழுவதும் அவரோடு தேவைக்கு மட்டுமே பேசினாள்.

அடுத்த முறை பயிற்சி கொடுக்கும் பெண் போன் செய்யாமலே நேராக வாசலில் வந்து நின்றாள். அக்கா காலை நீட்டினாள்.

மாத முடிவில் பலகை நட ஆட்கள் வந்தார்கள். அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். இஸ்திரிக்காரர் அவரைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று கரியைக் கிளறினார். குழி தோண்டிய ஆள் கம்பத்தை இறக்கிவிட்டு, பலகையை ஒருமுறை படித்தார். சந்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"சுவர் எங்க சார் இங்க?"

"விழுந்திடுச்சுன்னுதானே போட்டிருக்கு."

"அதுவும் சரிதான்," என்று அந்த ஆள் சிரித்தார். "சார், கலவை போடுற வரைக்கும் ஒரு கை பிடிச்சுக்கிறீங்களா? கம்பம் சாயுது."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பத்தைப் பற்றினார். ஒரு கண்ணை மூடி, எதிர்வீட்டுக் கதவு நிலையோடு ஒப்பிட்டு நேராக்கினார். கலவை குழிக்குள் இறங்கியது. போதும் சார், விடுங்க, நின்னுக்கும் என்று அந்த ஆள் சொன்னார். அவர் விடவில்லை. ஈரம் சற்று இறுகட்டும் என்று சொல்லிவிட்டு, பிடித்தபடியே நின்றார்.