படம் இல்லாதவற்றுக்கு ஒரு படம்

என் தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வயது நாற்பதாகிறது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏன்டா என்று கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் அவனுக்குப் 'புகை' என்று பட்டப்பெயர். பக்கத்தில் நின்றாலும் இருக்கிறானா போய்விட்டானா என்று தெரியாதாம். வீட்டிலும் அதே லட்சணம்தான். கீழே நான் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், மாடியில் அவன் பாட்டுக்கு இருப்பான்.

அவன் அறை ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்தின் பின்பக்கம். இஸ்திரி ஆவி மெல்ல எழுந்து உள்ளே வரும். லீவு நாளில் அந்த ஆவிக்கு நடுவே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுவான். சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. ஒரு ஆள், ஒரு படகு, கரையே தெரியாத பனி. துடுப்புப் போட்டுக்கொண்டே போக வேண்டும், மிதந்து வருவதை எடுத்துப் படகில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் சில நாள் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் காலுக்கடியில் தரை ஆடுகிற மாதிரி இருக்கும்.

அந்த விளையாட்டுக்கு ஒரு விக்கி உண்டு. ஆடுகிறவர்களே அதிலுள்ள ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதி வைக்கிற இணையதளம். மீன், படகு, உடை என்று பகுதி பகுதியாக இருக்கும். எதிலும் சேராததெல்லாம் 'இதர'. அதுதான் என் தம்பியின் ராஜ்ஜியம். நனைந்த தீப்பெட்டி, பிடி இல்லாத குடை, யாரோ விட்ட பெருமூச்சை அடைத்த புட்டி. விளையாட்டில் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாத சாமான்கள். யாரும் சீண்டாத அவற்றுக்கெல்லாம் இவன் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் எழுதியிருந்தான். ஒற்றைச் செருப்பைப் பற்றி, 'இடது கால். குதிகால் தேய்ந்திருக்கிறது. நிறைய நடந்த யாரோ விட்டது' என்று எழுதியிருந்ததைப் படித்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்த வினை என்னவென்றால், பாதிப் பக்கங்களுக்குப் படம் இல்லை. அவனுடைய கிழட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டுத் திரையைப் படம் பிடித்தால் வெறும் கறுப்புதான் வரும். விக்கிக்குத் தலைவர் ஒருத்தர், பெயர் 'கழுகு', எந்த நாட்டில் இருக்கிறாரோ. அவர் கறாராகச் சொல்லிவிட்டார். படமில்லாத பக்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு சின்னம் வையுங்கள், இல்லாவிட்டால் அத்தனை பக்கத்தையும் நீக்கிவிடுவேன் என்று. இத்தனை வருஷமாக எழுதியது. அது போனால் இவனிடம் என்ன இருக்கிறது? லென்ஸ் தேய்க்கிற கல்லும் நானும்தான்.

எல்லோரும் கேள்விக்குறி போடச் சொன்னார்கள். முடியாது என்றான். கேள்விக்குறி போட்டால் அது என்னவென்று தெரியாது என்று ஆகிவிடுமாம், இவனுக்கோ எல்லாம் தெரியுமாம். காலிக் கட்டம் போட்டால் அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைப்பார்களாம். பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். கடைசியில் சின்னதாக ஒரு துணிமூட்டை வரைந்து எல்லாப் பக்கத்திலும் போட்டான். அழகாகத்தான் இருந்தது, முடிச்செல்லாம் தெரிந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. இத்தனை பக்கத்தில் மூட்டை இருக்கிறதே என்று, அது விளையாட்டில் எங்கேயோ கிடைக்கிற பொருள் என்று நம்பி ஜனங்கள் தேடக் கிளம்பிவிட்டார்கள். படகு படகாகப் பனிக்குள் அலைந்தார்கள். வடக்குக் கரையில் கிடைக்கிறது என்று ஒருத்தர் புரளி கிளப்பினார். கிடைத்தேவிட்டது என்று இன்னொரு புண்ணியவான் கூசாமல் எழுதினார். கழுகுக்கு வந்ததே கோபம். மூட்டையை எடுக்கச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் தவணை என்று எழுதிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க இவன் தட்டில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். அந்தக் கழுகுக்கு நாலு வார்த்தை நான் எழுதட்டுமாடா என்றுகூடக் கேட்டேன்.

சனிக்கிழமை, வருஷம் முடிந்துவிட்டதே என்று அவன் அறைக் காலண்டரைக் கழற்றினேன். வெயிலில் சுவர் முழுக்க வெளுத்திருந்தது. காலண்டர் மறைத்திருந்த சதுரத்தில் மட்டும் பழைய நீலம் அப்படியே இருந்தது, மேலே ஆணி. இவன் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்தான். ஜன்னல் வழியாக ஆவி வந்து அந்த நீலத்தின் மேல் கலைந்தது. சுவரைப் பார்த்தால் வயிறு நிறைந்துவிடுமா என்று நான் கத்தியது காதில் விழவே இல்லை. சாயங்காலம் இறங்கி வந்து வரைந்ததைக் காட்டினான். வெளுத்த சுவர், நீலச் சதுரம், ஆணி. இதை எவனும் பனிக்குள் போய்த் தேட மாட்டான் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

கழுகு ஒரு வார்த்தையில் 'சரி' என்றார். பக்கங்கள் தப்பின. அப்பாடா என்று நான் மிஷினுக்குத் திரும்பினேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சும்மா நிற்கிற ஆணியைப் பார்த்தால் மனுஷனுக்கு எதையாவது மாட்டத் தோன்றும் போலிருக்கிறது. முகம் தெரியாதவர்கள் படம் பிடித்து அனுப்ப ஆரம்பித்தார்கள். செருப்புக்கு வந்தது, தீப்பெட்டிக்கு வந்தது, குடைக்கு யாரோ மூன்று கோணத்தில் அனுப்பினார்கள். ஒவ்வொரு படமும் ஏற ஏற அந்தப் பக்கத்து ஆணி மறையும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெருமூச்சுப் புட்டி ஒன்றுதான் பாக்கி. அது அடர்ந்த பனிக்குள் மட்டும்தான் அகப்படுமாம். ஒரு மத்தியானம் அதற்கும் படம் வந்தது. முழு வெள்ளை. உற்றுப் பார்த்தால் நடுவில் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. இதற்கு மேல் தெளிவாக வராது, மன்னிக்கவும் என்று அனுப்பியவர் எழுதியிருந்தார்.

இவன் அந்த வெள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். எனக்குத்தான் ஆறவில்லை. சோறு தண்ணி இல்லாமல் வரைந்தானே, இப்போது ஒரு பக்கத்தில்கூட அது இல்லையே.

"நீ பண்ணதுலயே நல்லது அதுதான்டா. இனிமே அதை ஒருத்தரும் பாக்கப் போறதில்ல" என்றேன்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"நீ பாத்தியேக்கா" என்றான்.