பதினோரு நாள் காலாவதி

தெருவில் ஏணி கட்டிய வேன் எது வந்து நின்றாலும் தியோலிந்தா ஃபுர்தாதோ துடைப்பத்தோடு வெளியே வருவார். நடைபாதையைப் பெருக்குவதுபோல வேனை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஓட்டி வந்தவரின் முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். வேனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் தொழில் பதிவு எண்ணைப் படித்து, மாதா கோயில் காணிக்கை உறையின் பின்புறத்தில் குறித்துக்கொள்வார். எண் எழுதாத வேன் என்றால் அதன் பக்கத்தில் கூடுதல் நேரம் பெருக்குவார். பனி கொட்டிய நாளிலும் துடைப்பம்தான். "மண்வாரி எடுத்துட்டு வந்தா வேலை செய்யணுமே," என்பாள் என் அம்மா. என் ஒன்பதாவது வயதிலிருந்து இருபத்து நான்காவது வயதுவரை இதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஃபால் ரிவரில் எங்கள் தெரு முழுக்க மூன்றடுக்கு மர வீடுகள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரான தியோலிந்தா. மேல்தளத்தில் குடியிருந்தவர்கள் நாங்கள். இரண்டு குடும்பமும் போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்தவை. அவர் பத்தொன்பது வயதில் வந்து, முப்பத்தொரு வருடம் திரைச்சீலை ஆலையில் தைத்தார். அந்தத் தையலில்தான் வீடு வாங்கினார். கணவர் இறந்தபின் தனியாகவே இருந்தார். மரியாதைக்கு எல்லோரும் அவரை 'தோனா' என்போம். அவருடைய ஆங்கிலம் ஆலைக்குப் போதும், தொலைபேசிக்குப் போதாது.

வேன்களைச் சுற்றும் பழக்கம் பின்பக்கப் படிக்கட்டிலிருந்து வந்தது. மூன்று தளத்துக்குமான அந்த மரப்படிகள் இற்றுப்போயிருந்தன. புதிதாகக் கட்ட ஒருவன் வந்தான். அவருடைய சொந்தக் கிராமத்துக்காரன். அவனுக்கு ஞானத்தாய் இவருடைய சித்தி. முன்பணம் வாங்கினான், இரண்டே நாளில் பழைய படிகளைப் பிரித்துப் போட்டான், அதன்பிறகு வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, மேல்தளத்துக் கதவைத் திறந்தால் வெறும் காற்று. என் அப்பா அதில் பலகை அடித்து மூடினார்.

புகார் சொல்ல மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

"பதிவு எண் வாங்கிப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க, தோனா."

"அவனோட அம்மா எப்படியிருக்காங்கன்னு அவங்கிட்ட கேட்டேன்னு சொல்லு."

சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். வீடு கட்ட, பழுதுபார்க்க வருகிறவர்கள் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவர் ஏமாற்றினால் ஈடு கொடுக்க ஒரு நிதி இருக்கிறது; பதிவில்லாதவரை நம்பியவருக்கு அதில் ஒன்றும் கிடையாது. நான் மொழிபெயர்த்து முடித்ததும் தியோலிந்தா கேட்டது ஒன்றுதான்: "அந்த நம்பர யாரு வேணா கேக்கலாமா?"

யாரும் கேட்கலாம். அன்றிலிருந்து கேட்டார். முதலில் தனக்காக, பிறகு தெருவுக்காக, பிறகு கோயில் பங்கு மக்கள் எல்லோருக்காகவும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் கூடத்தில் காப்பி குடிக்கும்போது பெண்கள் துண்டுச்சீட்டுகளை அவரிடம் கொடுப்பார்கள். திங்கள்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்ததும் தொலைபேசி. சில வருடம் கழித்துக் கணினி. அடுத்த ஞாயிறு காப்பிப் பாத்திரத்தின் அருகே நின்று முடிவைச் சொல்வார்.

"கூரைக்காரனா? உயிரோட இருக்கு. மூணு வருஷமா ஒரு புகாரும் இல்ல."

"பெயின்ட் அடிக்கிறவன்?"

"செத்துப்போச்சு. போன வருஷமே."

"தோனா, என் மருமகனுக்கும் ஒரு நம்பர் பாத்துச் சொல்லுங்களேன்."

"அவனுக்கு நம்பர் எதுக்கு? அவன்தான் வேலையே செய்யமாட்டேங்கிறானே."

அவருடைய சொல்லால் தப்பித்த வீடுகள் பல. அது உண்மை. அடுத்ததைச் சொல்லும்போது இது மறந்துவிடக் கூடாது என்பதால் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

குவால்தர் பிமென்தெல் தச்சர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு டிரக், ஒரு உதவியாள், சுத்தமான வேலை. என் கல்லூரி மூன்றாம் ஆண்டுக் கோடையில் கோயில் கூடத்தின் சமையலறையைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. குவால்தருக்குத்தான் என்று பேச்சு. அவருக்கு அது ஒரு குளிர்காலம் முழுவதற்குமான பிழைப்பு. கமிட்டிக்காரர் ஒரு சடங்குபோலத்தான் தியோலிந்தாவிடம் எண்ணைக் கொடுத்தார்.

விடுமுறைக்கு வந்திருந்த நான் கைபேசியில் தேடினேன். பெயர் சரி, எண் சரி. நிலை: காலாவதி. தேதி பதினோரு நாளுக்கு முந்தையது.

"காலாவதின்னு இருக்கு," என்றேன்.

"செத்துப்போச்சா?"

"காலாவதி," என்றேன் மறுபடியும். அதற்குமேல் விளக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த வருடம் புள்ளிவிவரப் பாடத்தில், ஒரு நாளின் கணக்கு அந்த ஒரு நாளுக்குத்தான் பொருந்தும் என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ஞாயிறன்று அவர் காப்பிப் பாத்திரத்தின் அருகே நின்று சொன்னார்: "குவால்தரோடது செத்துப்போச்சு." யாரோ, "குவால்தரா? சரியாப் பாத்தீங்களா?" என்றார்கள். "லிடியா பாத்தா. படிச்ச பொண்ணு," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

குவால்தர் அப்போது ஊரில் இல்லை. எங்கள் ஆட்கள் பலரையும்போல, தன் கிராமத்துத் திருவிழாவுக்காக ஆகஸ்டில் தீவுக்குப் போயிருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் ஐந்து வாரமாக அவர் வீட்டுத் தபால்பெட்டியில் கிடந்தது. திரும்பிவந்த மறுநாளே பணம் கட்டிவிட்டார். அதற்குள் சமையலறை வேலை பக்கத்து ஊர்க் கம்பெனிக்குப் போயிருந்தது. அடுத்தடுத்து மூன்று வீட்டுக்காரர்கள், "இப்ப வேணாம், வசந்தத்துல பாக்கலாம்," என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் புதிய பதிவு அட்டையோடு தியோலிந்தாவின் வாசலுக்கு வந்தபோது நானும் இருந்தேன். உள்ளே கூப்பிட்டும் அவர் வரவில்லை.

"பதினோரு நாள், தோனா. ஒரு போன் அடிச்சிருக்கலாமே. என் தங்கச்சிகிட்ட நம்பர் இருக்கு."

"நான் பாத்த அன்னிக்கு செத்துத்தான் கெடந்துச்சு, குவால்தர். பொய் சொல்லல."

"பொய்னு யாரு சொன்னா? இன்னிக்கு என்னன்னு பாருங்க."

தியோலிந்தா என்னிடம் திரும்பினார். தேடினேன். "செல்லும்," என்றேன்.

"ம். உயிரோடதான் இருக்கு," என்றார்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அங்க சொன்னீங்க, அங்கேயே சொல்லுங்க. அது போதும்."

"ஞாயித்துக்கிழம சொல்றேன். கொஞ்சம் இனிப்பு ரொட்டி எடுத்துட்டுப் போ."

ரொட்டியை வாங்காமல் போனார்.

அந்த ஞாயிறு தியோலிந்தாவுக்கு முழங்கால் வலி, பூசைக்கே வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தார், துண்டுச்சீட்டுகள் வாங்கினார், இரண்டு எண்களுக்கு முடிவு சொன்னார். குவால்தர் பெயர் வரவில்லை. பிறகு நான் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அக்டோபரில் தாழ்வாரம் சரிசெய்ய வேண்டிய ஒருத்தி நேராகவே கேட்டாளாம்: "குவால்தர் இப்ப எப்படி?" தியோலிந்தா, "பாக்கணும்," என்றாராம். அம்மாதான் தொலைபேசியில் சொன்னாள்.

அவரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. ஒரு தடவை "அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டால் மற்ற எண்களையும் யாராவது சந்தேகிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு விடுமுறையில் வந்தபோது, "குவால்தர் விஷயம் சொல்லிட்டீங்களா, தோனா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இந்நேரம் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

"யாருக்கும் தெரியாது."

"அப்ப நீ சொல்லேன். நீதான பாத்த?"

எண்ணைத் தேடியது நான், தலையாட்டியதும் நான். ஆனால் கூடத்தில் நடுவே நின்று பேச, அத்தனை பேர் வாயை மூடிக் கேட்க, எனக்கு என்ன தகுதி என்று அப்போது நினைத்தேன். அது அடக்கமா பயமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

குவால்தர் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு டிரக்கை விற்றுவிட்டு மச்சான் வைத்திருந்த கம்பெனியில் மணிக்கூலிக்குச் சேர்ந்தார். கூலிக்குப் போகிறவருக்குத் தனிப் பதிவு தேவையில்லை. அடுத்த முறை அவர் புதுப்பிக்கவில்லை. போன மாதம் தேடிப் பார்த்தேன். காலாவதி என்றே இருக்கிறது, இந்த முறை சரியாகவே.

தியோலிந்தா மார்ச் மாதம் இறந்தார். அடக்கத்துக்குப் பின் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். பலர் எழுந்து, அவர் தங்களைக் காப்பாற்றிய கதைகளைச் சொன்னார்கள். கூரை, குளியலறை, ஹீட்டர். குவால்தரும் வந்திருந்தார். கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, எல்லாக் கதைகளையும் கேட்டார். பேச்சு ஓய்ந்தபின், இன்னும் யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்களா என்பதுபோல ஐந்து நிமிடம் இருந்தார். பிறகு சூப்புக் கிண்ணத்தைக் கழுவிவைத்துவிட்டு, என்னிடம் தலையசைத்துப் போனார். அவருக்கு வர வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அந்தக் கூடத்தில். அது இன்னும் பாக்கி.