சங்குக்குப் பிறகு விழுந்த கோல்கள்

வேலை முடிகிற ஆலைச் சங்கு ஊதிய பிறகும் உம்முடைய ஊதலை ஊதாமல் ஆட்டத்தை இழுத்தவர் நீர்தான், பெரிய கணக்கரே. அந்த வெள்ளி ஊதல் போன வாரம் சண்டை வெற்றி விழாவிலும் உம்முடைய கழுத்தில்தான் தொங்கியது. அதன்மேல் மாலை போட்டார்கள். பட்டாளத்துக்கு நம் ஆலை அனுப்பிய நூல் பொதிகளைப் பற்றி நீளமாகப் பேசினீர். அவை எப்படிச் சேர்ந்தன என்று மட்டும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை, பகல் வேலையை நிறுத்தி எங்களை எல்லாம் ஆலை முற்றத்தில் உட்கார வைத்தீர். கால்பந்து ஆட்டம். நடுவர் நீர். எதிரே தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள், பந்தாடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள், காலில் பூட்ஸ். எங்கள் பக்கம் தலையில் பஞ்சு ஒட்டியிருந்த வெறுங்கால் ஆட்கள். கோல் காக்க நின்றவர் என் அக்காள் புருஷன். எனக்கு அத்தான். ஆலைத் துரை எழுந்து, விழுகிற ஒவ்வொரு கோலுக்கும் பட்டாளத்துக்கு ஒரு பொதி நூல் தருவதாகச் சொன்னார். கை தட்டினோம். அந்த நூலை ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் நாங்கள்தான் நூற்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் நீர் விளக்கினீர். வாசல் கதவு அதற்குள் பூட்டியாகிவிட்டது.

முதலில் வந்த பந்துகளை அத்தான் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் கத்தினார்கள்: "விட்டுராதியும் வே! விட்டா ஞாயித்துக்கெழம நமக்கில்ல!" ஒருவன், "பொண்டாட்டியையும் கூட நிறுத்தும் வே, நாலு கையாவது இருக்கும்!" என்றான். அழுகிறவனும் சிரித்தான். அப்போது நீர் அத்தானிடம் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது: "ஏலே, ராசாவுக்குப் போற நூலை மறிக்கியா? துரை பாக்காரு. போலீசும் அங்கன நிக்கி."

பூட்டிய வாசல் கதவை அத்தான் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிடித்தால் ராஜத்துரோகி. விட்டால் உடன் உழைக்கிறவர்களுக்குத் துரோகி. எதிரணித் தலைவர், உவரி ஊர்க்காரர், மனம் பொறுக்காமல் மெல்லச் சொன்னார்: "அண்ணாச்சி, நீரு சும்மா நில்லும். நான் வெளியே அடிச்சிருதேன்." அப்படியே ஒரு பந்தைச் சுவருக்கு மேலே அடித்தார். நீர் அவரையும் கூப்பிட்டுச் சம்பளத்தை நினைவூட்டினீர். அதன்பின் அவர் வெளியே அடிக்கவில்லை.

சங்கு ஊதியதும் ஆட்டம் முடியும் என்பதுதான் பேச்சு. சங்கு ஊதியது. ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கிற சங்கு. முடிந்தது என்று அத்தான் கையைத் தொங்கப் போட்டார். பந்து அவரைத் தாண்டி உருண்டு உள்ளே போனது. ஊதல் உம்முடைய வாயில் இருந்தது, ஊதவில்லை. பந்தை நடுவில் வைக்கச் சொன்னீர். சங்கு வரைக்கும் ஒன்பது கோல். மலைக்குப் பின்னால் பொழுது விழுந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனபோது மொத்தம் இருபத்திரண்டு. எங்களுக்கு ஒன்றுமில்லை.

தோற்றது எனக்குப் பெரிதில்லை. அத்தான் கள்ளுக்கு விலைபோய்க் கையைத் தொங்கப் போட்டான் என்று மறுநாளே நீர் பரப்பியதுதான் பெரிது. வாராவாரம் ஞாயிறு பறிபோனவர்கள் உம்மை ஒன்றும் செய்ய முடியாமல் அவர்மேல் துப்பினார்கள். ஆற்றுப் படித்துறையில் என் அக்காளிடம் ஒருத்தி கேட்டாள்: "உம் புருசன் விட்ட கோலுக்கு எம்புள்ள ஞாயித்துக்கெழமயும் பால் குடிக்காமக் கெடக்கு. வெக்கமாயில்ல?" அத்தான் அந்த வருஷமே இலங்கைக்குக் கப்பல் ஏறிவிட்டார். திரும்பவில்லை. அக்காள் இன்னும் அதே ஆலையில், அதே சங்குக்கு எழுந்து வேலைக்குப் போகிறாள்.

சண்டை முடிந்துவிட்டது. இனி ராஜாவின் பேரைச் சொல்லி எங்கள் வாயை அடைக்க முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஊதலோடு ஆலை வாசலுக்கு வாரும். அன்று முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். சங்கு உமக்குக் கேட்டதா, இல்லையா? கேட்டதென்றால் ஏன் ஊதவில்லை? துரை சொன்னாரா, நீராகவே இழுத்தீரா? என் அக்காள் முன்னால் நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லும்.