பக்கத்து சீட்காரர்

நடந்தது இது. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. அன்று என் மகளும் கூடத்தான் இருந்தாள். சந்தேகம் இருந்தால் அவளைக் கேளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பதினாறு வருடமாக இதே வேலை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவர்கள், எதிரில் லாரி வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவர்கள், வளைவில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டவர்கள்... எல்லோர் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டு உயிரோடு வீடு திரும்பியிருக்கிறேன். டிரைவிங் பள்ளிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அது இருக்கும் தைரியத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. என்னைப் பயமுறுத்துவது சுலபம் இல்லை.

என் தம்பி ஒரு வண்டிப் பைத்தியம். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். கறுப்பு நிறம். இரண்டே கதவு, இரண்டே சீட், ஆட்டோமேட்டிக் கியர். நானூற்று ஐம்பது குதிரைத் திறன். ஸ்டார்ட் செய்தால் எங்கள் சமையலறை ஜன்னல் நடுங்கும். வாங்கி மூன்று மாதத்தில் அவனுக்கு முதுகில் ஆபரேஷன். தரையோடு தரையாக உட்காரும் அந்த வண்டியை ஆறு மாதம் தொடவே கூடாது என்றார் டாக்டர். வண்டி எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்தது.

"சும்மா நின்னா வண்டி கெட்டுடும்க்கா. வாலு ஓட்டட்டும். மாமன் சொத்து மருமகளுக்குத்தானே?" என்றான்.

வாலு என் மகள். பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள். மாமா சொன்னதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை அவளுக்கு.

என் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எதிலும் முதலில் பக்கவிளைவைத் தேடுகிற ஆள்.

"பதினெட்டு வயசுக் கழுதைக்கு இந்த வண்டியா? உனக்கென்ன கிறுக்கா?"

"முடிவு நான் பண்றேன். எந்த மாத்திரை கொடுக்கணும்னு உங்க கடைக்கு வந்து நான் சொல்றேனா?"

கொழுப்பில் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவளைப் பூட்டி வைத்தால் என்றாவது ஒரு நாள், யாரோ ஒரு சிநேகிதனின் வண்டியில், என் கண் படாத இடத்தில் அவள் இதையே செய்வாள். அதைவிட என் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளட்டும். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். முதல் ஒரு வாரம் நான் மட்டும் ஓட்டுவேன். வண்டியின் குணம் எனக்குப் பிடிபட்ட பிறகுதான் அவள் கைக்குச் சாவி.

அந்த ஒரு வாரத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் காலை. நான் மட்டும்தான் வண்டியில். தெருமுனை தாண்டியதும் பீப்... பீப்... பீப். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. என் கைப்பைதான் காரணம் என்று நினைத்து அதை எடுத்துக் கீழே வைத்தேன்.

பீப்... பீப்... பீப்.

காலி சீட்டுக்குப் பெல்ட்டை மாட்டினேன். சத்தம் நின்றது. சென்சார் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்தார். "மேடம், எல்லாம் சரியா இருக்கு. வெயிட் இருந்தாத்தான் கத்தும்" என்றார்.

மூன்றாம் நாள் பக்கத்து சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. நெட்டையான, பருத்த ஆள் கால் நீட்டி உட்கார்வதற்குத் தோதாக. வாலுவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நான் தொடவே இல்லம்மா. சாவி உன் பையிலதானே இருக்கு?"

ஆமாம். என் பையில்தான் இருந்தது.

ஐந்தாம் நாள். நல்ல வெயில், நெரிசலான சிக்னல். சிவப்பு விழுந்து நின்றேன். தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தேன்.

காலி சீட்டில் மாட்டியிருந்த பெல்ட், சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. முன்னால் தள்ளி, வளைந்து, அந்தரத்தில் நின்றது. ஒரு பெரிய மனிதரின் மார்பையும் வயிற்றையும் சுற்றி வந்ததுபோல.

உள்ளே யாரும் இல்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பயந்துதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரா இருந்தாலும் சரி. என் வண்டியில வந்தா பெல்ட் போடணும். போட்டாச்சு. பேசாம வாங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நாளைக்கே அனுப்பிடு. இனிமே இந்த வண்டி வேணாம்."

"ஒரு பீப் சத்தத்துக்கா?"

"உன் பிடிவாதத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுப்பியா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இரவெல்லாம் புரண்டேன். காலையில் மனசு தெளிந்துவிட்டது. அது உட்காருவது பக்கத்து சீட்டில். வாலு ஓட்டும்போது பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். அதற்கு இடம் ஏது? யாரோ எவரோ என் வண்டியில் ஏறிக்கொண்டு, என் பெண் எதை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது என்று முடிவு செய்ய நான் விடப்போவதில்லை.

வாலுவைக் கேட்டேன். "பயமா இருக்கா?"

"உனக்கு?"

"இல்ல."

"அப்ப எனக்கும் இல்ல."

இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து ஐம்பது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் புதிதாகப் போட்ட சாலை ஒன்று உண்டு. இன்னும் திறக்கவில்லை. என் மாணவர்களை அங்கேதான் கூட்டிப்போவேன். நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும். கடைசியில் குறுக்கே கான்கிரீட் கட்டைகள். அதற்கு அப்பால் பாதியில் நிற்கும் பாலம். கீழே ஆறு.

மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. வாலு ஓட்டுநர் சீட்டில். நான் பக்கத்தில். இரண்டு பேரும் பெல்ட் போட்டோம். முதல் நடை, நாற்பதில் போய்த் திரும்பினாள். அழகாக ஓட்டினாள். இரண்டாவது நடை, அறுபது. கண் சாலையிலேயே இருந்தது, கை பதறவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவது நடை.

பீப்... பீப்... பீப்.

"அம்மா, உன் பெல்ட்..."

"போட்டிருக்கேன். ரோட்டைப் பாரு."

நான் சாய்ந்திருந்த சீட் மெதுவாகப் புடைத்தது. என் முதுகைத் தள்ளியது. பிறகு தணிந்தது. மறுபடி புடைத்தது.

சீட் மூச்சு விட்டது.

நான் சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் மடியில் உட்கார்ந்திருந்தேன்.

"வாலு. வண்டியை ஓரமா நிறுத்து."

"சரிம்மா."

வேகம் குறையவில்லை.

எழுபது. எண்பது.

"காலை எடு!"

"எடுத்துட்டேன்மா! நான் மிதிக்கல!"

குனிந்து பார்த்தேன். அவள் கால் பிரேக் மேல் இருந்தது. அழுத்திக்கொண்டிருந்தாள். பிரேக் கல்லாக நின்றது. பக்கத்தில் ஆக்சிலேட்டர் தானாக... தரையோடு ஒட்டிக் கிடந்தது.

நூறு.

என் கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடியது. இது பள்ளிக் கார் இல்லை. வெறும் தரை.

நூற்றுப் பத்து. தூரத்தில் கட்டைகள் தெரிந்தன.

"ஸ்டீயரிங்கை நேரா பிடி. வேற எதையும் தொடாதே."

"அம்மா..."

"நேரா பிடி!"

கியரை நியூட்ரலுக்குத் தள்ளக் கை நீட்டினேன்.

கியர் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. அகலமான கை. தடித்த விரல்கள். ஒரு மோதிரம். ஐஸ் மாதிரி குளிர்ச்சி.

கட்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

அப்போது எனக்கு வந்தது பயம் இல்லை. கோபம்.

"எடுடா கையை!"

விரல்கள் இறுகின.

"இவ என் பொண்ணு! வண்டியை அவ ஓட்டுறா! பக்கத்துல நான் இருக்கேன்! நீ யாரு? எடுடா!"

அந்த விரல்களுக்கு நடுவே என் விரல்களை நுழைத்தேன். நெம்பினேன்.

ஒரு விரல்.

இன்னொரு விரல்.

விட்டது.

நியூட்ரல். இன்ஜின் வெறுமனே அலறியது.

"மிதி!"

மிதித்தாள். டயர் கிறீச்சிட்டது. ரப்பர் கருகும் நாற்றம். வண்டி துடித்து, வழுக்கி... நின்றது.

கட்டைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம்.

பீப்... பீப்... பீப்.

இன்னும் இருந்தது.

நான் பெல்ட்டைக் கழற்றினேன். கதவைத் திறந்து இறங்கினேன். கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"இறங்கு."

மழை தூற ஆரம்பித்தது.

"என் பிள்ளைக்கு நல்லது கெட்டது சொல்ல நான் இருக்கேன். நீ உன் வீட்டுக்குப் போ. இறங்கு!"

சீட்டின் ஸ்பிரிங் முனகியது. குழிந்து கிடந்த தோல் மெல்ல மேலே எழும்பியது. என் தோளை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஏதோ கடந்து போனது.

பீப் நின்றது.

டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து.

வாலு ஸ்டீயரிங்கை விடாமல் அழுதுகொண்டிருந்தாள். "நீ ஓட்டும்மா. எனக்கு இனிமே வேணாம்மா."

நான் கதவைச் சாத்திக்கொண்டு அதே சீட்டில் உட்கார்ந்தேன்.

"இப்ப விட்டா நீ என்னைக்குமே ஓட்ட மாட்டே. மூக்கைத் துடை. கண்ணாடியைப் பாரு. ரிவர்ஸ் போடு."

போட்டாள். வீடு வரை அவள்தான் ஓட்டினாள். முப்பதைத் தாண்டவில்லை, பின்னால் வந்த சைக்கிள்காரர்கூட முந்திப் போனார். ஆனால் ஓட்டினாள். கணவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாலுதான் அந்த வண்டியை எடுக்கிறாள். பக்கத்தில் நான். அன்றைக்குப் பிறகு ஒரு பீப் சத்தம் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு என்று இன்று வரை தோன்றவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. வண்டியை விற்றவரின் நம்பரைத் தம்பியிடம் வாங்கினேன். புதன்கிழமை போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். எங்கள் ஊரிலிருந்து ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அவர் ஊர். நான் யார் என்று சொல்லி, "அந்த வண்டியில யாராவது..." என்று ஆரம்பித்தேன்.

"பக்கத்து சீட்டா?" என்றார் அவர்.

அவரே சொன்னார்.

"என் வீட்டுக்காரர். பையனைத் தனியா ஓட்ட விடவே மாட்டார். அப்பத்தான் அவனுக்குப் பத்தொன்பது வயசு. பக்கத்துல உட்கார்ந்து, கியர் மேல கையை வச்சுக்கிட்டு, வழி பூரா திட்டிக்கிட்டே வருவார். அன்னிக்கு ஹைவேல போகும்போது திட்டலை. அப்பா முதல் தடவையா நம்மள நம்பிட்டார்னு பையனுக்குத் தாங்காத சந்தோஷம். நல்லா வேகமா ஓட்டியிருக்கான். முக்கால் மணி நேரம். வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, 'எப்படிப்பா ஓட்டினேன்?'னு திரும்பிப் பார்த்திருக்கான்..."

மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஹார்ட் அட்டாக். கிளம்பின கொஞ்ச நேரத்துலயே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். பெல்ட் போட்டிருந்ததால சாயலை. அவனுக்குத் தெரியலை. அதுக்கப்புறம் அவன் யார்கிட்டயும் பேசறதில்லைங்க. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது."

நடந்ததை நானும் சொன்னேன். இறங்கச் சொன்னதை, வீட்டுக்குப் போகச் சொன்னதை, எதையும் விடவில்லை.

"எத்தனை மணிக்கு இறக்கி விட்டீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஆறு பத்து."

அவர் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"அன்னிக்கு அதே நேரத்துலதாங்க பையன் பேச ஆரம்பிச்சான். ரூமுக்குள்ள தனியா உட்கார்ந்துக்கிட்டு... நிறுத்தவே மாட்டேங்கிறான். இப்பவும் பேசிட்டிருக்கான்."

"என்ன பேசறார்?"

போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார் போலிருக்கிறது. கதவு திறக்கும் சத்தம். பிறகு, தூரத்திலிருந்து, ஒரு இளைஞனின் கெஞ்சும் குரல்.

"மெதுவாத்தான் போறேன்பா... மெதுவாத்தான் போறேன்... கையை எடுப்பா..."