ஆவன செய்க

பச்சை மை நிரப்பும்போது டாக்டர் நேசக்குமாரிடம் யாரும் பேசக்கூடாது. காலை பத்தேகாலுக்கு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேனாவின் கழுத்தைத் திருகுவார். ஒரு சொட்டு சிந்திவிட்டால் திட்டு எனக்குத்தான். "ஏல ராஜதுரை, பேச்சுக் குடுத்து சிந்த வச்சிட்டியே" என்பார். நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நான் அவருடைய நேர்முக உதவியாளன். அதற்கு முன்னால் அவருடைய மாணவன். இருபத்தெட்டு வருஷம் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தியவர். துறைத்தலைவர், முதல்வர் என்று படிப்படியாக ஏறி, நான்கு வருஷமாக எங்கள் பல்கலைக்கழகத்தின் பதிவாளர். வீடு நாசரேத்தில். தினமும் ஏரல் வழியாகத் தூத்துக்குடிக்கு வருகிறவர், சுவரொட்டிகளில் கண்ணில் படும் எழுத்துப்பிழைகளை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வருவார். "கருத்தரங்குக்குப் பெரிய 'ற' போட்டுருக்கான்டே, வெளங்குமா?" என்று வந்ததும் வராததுமாக என்னிடம் முறையீடு. ஏதோ அந்தச் சுவரொட்டியை நான் ஒட்டிவிட்டு வந்ததுபோல. இழுப்பறையில் எப்போதும் ஒரு டப்பா முந்திரி மக்ரூன் இருக்கும். வருகிறவர் துணைவேந்தரானாலும் துப்புரவுப் பணியாளரானாலும் ஆளுக்கு ஒன்று, தனக்கு இரண்டு. டீயில் மட்டும் சர்க்கரை கிடையாது.

அவருடைய வகுப்பை மறக்க முடியாது. முதல் நாளே ஒரு மாணவனைத் தன் நாற்காலியில் உட்காரவைப்பார். தான் எதிரே கைகட்டி நிற்பார். "நீ கலெக்டர். நான் மனு கொண்டு வந்திருக்கேன். கேளு பாப்போம்."

உட்கார்ந்தவன் திருதிருவென்று விழிப்பான்.

"பாத்தியா, உக்காந்ததும் வாய் அடைச்சிட்டு. நிக்கவன் யாரு, எந்தூரு, என்ன குறைன்னு கேக்கணும்லா? ஆளக் கேக்காமப் போட்ட உத்தரவு உத்தரவே இல்லடே."

நானும் அந்த நாற்காலியில் விழித்தவன்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதுவதையும் அவரே பலகையில் எழுதிக் காட்டுவார். ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால்தான் அன்றைய வருகைப்பதிவு.

அப்படிப்பட்ட மனிதர், பதிவாளரானதும் இரண்டே சொற்களைப் பிடித்துக்கொண்டார்: 'ஆவன செய்க.' தினமும் நூறு காகிதங்களுக்குக் குறையாமல், மேல்மூலையில், பச்சை மையில். 'பொருள்' என்ற வரியைப் படிப்பார், கடைசி வரியைப் படிப்பார், எழுதிவிடுவார். அச்சடித்ததுபோல் அழகான எழுத்து. "என்ன செய்யணுமோ அதச் செய்யின்னு அர்த்தம். நம்ம ஆளுகளுக்குத் தெரியாதா என்ன?" என்பார். தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிலோமி வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண். அவர் கடைசியாக வகுப்பெடுத்த எம்.ஏ. மாணவர்களில் ஒருத்தி. கடலோர ஊராட்சிகளின் கிராம சபைக் கூட்டங்களைப் பற்றி நான்கு வருஷமாக எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள்.

"ஏளா பிலோமி! வா, இங்கன உக்காரு. தீசிஸ் எப்பம் குடுக்கப் போற?" என்று டப்பாவைத் திறந்தார்.

அவள் மக்ரூனை எடுக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"குடுக்க முடியாது சார். என் பதிவ ரத்து பண்ணிட்டாங்க. இந்த மாசம் முப்பதுக்குள்ள குடுக்கலன்னா நாலு வருஷமும் போச்சு."

"எவன் பண்ணுனது?" நாற்காலி பின்னால் உருள எழுந்துவிட்டார். "உன்னக் கூப்புட்டு விசாரிச்சானா? ஒரு நோட்டீஸ் உண்டா? யாருன்னு சொல்லு, இன்னைக்கு நான் அவனச் சும்மா விடமாட்டேன்!"

அவள் பையிலிருந்து இரண்டு நகல்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே ஆர்.டி.ஐ. போட்டு வாங்குனேன் சார்."

முதலாவது, அவளுடைய சொந்த மனு. கள ஆய்வுக்காக ஆறு மாதம் ஊர் ஊராகப் போக அனுமதி கேட்டிருந்தாள். மேல்மூலையில் 'ஆவன செய்க.' இரண்டாவது, அந்த ஆறு மாதம் கழிந்ததும் ஆய்வுப் பிரிவு எழுதிய குறிப்பு: ஆய்வாளர் அனுமதியின்றி வராமல் இருக்கிறார், பதிவை ரத்து செய்யலாம். மேல்மூலையில் 'ஆவன செய்க.' நகலில் பச்சை கறுப்பாகியிருந்தது. மற்றபடி அதே அழகான எழுத்து. முதல் காகிதத்தைப் பார்த்துப் பிரிவில் ஒன்றுமே செய்யவில்லை; அனுமதி கிடைத்துவிட்டதென்று நம்பி அவள் போய்விட்டாள். இரண்டாவதைப் பார்த்து, 'பதிவாளரின் ஆணைப்படி' என்று தொடங்கிக் கச்சிதமாகச் செய்து முடித்துவிட்டார்கள்.

இரண்டு காகிதங்களையும் அவர் முன்னால் கொண்டு வைத்த கை என்னுடையது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏளா, இது நான் எழுதுனதா?" என்று அவளிடமே கேட்டார்.

"நீங்கதான் சார்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "என்னையும் அந்த நாற்காலில உக்கார வச்சீங்க. நான் பேரு, ஊரு கேட்டேன்னு எல்லாரையும் கைதட்டச் சொன்னீங்க."

நான்கு வருஷத்தில் இப்படி எத்தனை காகிதம் போயிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ரத்தை நீக்கக் கோரும் புதிய மனுவை அவள் நீட்டினாள். அவர் வாங்கினார். கை தானாகப் பேனாவைத் திறந்து மேல்மூலைக்குப் போனது. 'ஆ' என்று எழுதியும்விட்டது.

"சார், அத மட்டும் எழுதாதீங்க சார்!"

பிலோமி கத்தியேவிட்டாள். பேனா அந்த இடத்திலேயே நின்றது. முனையடியில் பச்சை மை காகிதத்தில் ஊறிப் பரவியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடாமலே வைத்துவிட்டு, "மொத மனுவ எங்கன குடுத்த?" என்று கேட்டார்.

"கீழ, தபால் ஜன்னல்ல."

"வா ராஜதுரை. இது போற வழிய நானே பாக்கேன்."

மனுவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தபால் ஜன்னல் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. முன்னால் நான்கு பேர் நின்றார்கள். அவர் ஐந்தாவதாக நின்றார். ஓடிப்போய் உள்ளே இருக்கும் எழுத்தர் டிக்சனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போகாமல் அவர் பின்னாலேயே நின்றேன். அந்த ஜன்னல் நம் இடுப்பு உயரம்தான். பேச வேண்டுமென்றால் குனிய வேண்டும். தன் முறை வந்ததும் அவர் குனிந்து மனுவை நீட்டினார்.

கம்ப்யூட்டரிலிருந்து டிக்சன் தலையைத் தூக்கவில்லை. "வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. ஆவன செய்வாங்க."

நேசக்குமார் மனுவை வைக்கவில்லை. குனிந்தது குனிந்தபடி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.